பண்டரிபுரப் பெருவழியில் ஒரு நாள்

மராட்டிய நாட்டில், வைகாசி கழிந்து ஆனி பிறக்கும் காலத்தில், ஊர்களே எழுந்து நடக்கத் தொடங்கிவிடும். ஓர் ஊரில் இருபது பேர், மற்றோர் ஊரில் ஐம்பது பேர் என மக்கள் ஒன்றுகூடி, மாற்றுடையை ஒரு பையில் இட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, பீமா நதிக்கரையில் உள்ள பண்டரிபுரத்தை நோக்கிப் புறப்படுவர். பிறைமதிபோல் வளைந்து ஓடுவதால் அந்நதிக்கு அவ்விடத்தில் சந்திரபாகை என்று பெயர். அங்கே ஒரு செங்கல்லின்மீது, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றியவண்ணம் நிற்பவன் விட்டலன். பாண்டுரங்கன் என்பதும் அவன் பெயரே. புண்டலீகன் என்னும் அடியவன் தாய்தந்தையர்க்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது இறைவன் அவன் வீட்டு வாயிலில் வந்து நின்றானாம். புண்டலீகனோ பணியை விட்டு எழவில்லை. ஒரு செங்கல்லை எறிந்து, அதன்மேல் நிற்குமாறும், வேலை முடிந்ததும் வருவதாகவும் சொன்னான். அன்று நின்ற இறைவன் இன்றும் நின்றுகொண்டிருக்கிறான் என்பது கதை. தெய்வத்தையே காக்கவைத்த அடியவனின் வரலாற்றை அந்நாட்டு உழவர்கள் மிகுந்த பெருமிதத்தோடு சொல்லுகின்றனர்.

இந்நடைப்பயணத்திற்கு மராத்தி மொழியில் ‘வாரி’ என்று பெயர். இதனைத் தவறாமல் செய்வோர் ‘வாரகரி’ எனப்படுவர். ‘வாரி’ என்னும் சொல் நம் காதில் விழுந்தால் கடலும் வருவாயும் நினைவுக்கு வரும். அங்கே அதன் பொருள் வேறு. குறித்த காலத்தில் மீண்டும் மீண்டும் போய்வருதல் என்பதே அச்சொல்லின் கருத்து. ஒருமுறை போய் வரம் பெற்றுத் திரும்புவோன் வாரகரி ஆகான். ஆண்டுதோறும் போகிறவனே வாரகரி. நடந்து செல்லும் ஒவ்வொரு குழுவுக்கும் ‘திண்டி’ என்று பெயர். இச்சொல்லைக் கேட்டு உணவை நினைந்து நகைக்கும் மாணவர் இருப்பர். நான் அவர்களோடு நடந்த நாள் முழுப் பட்டினிக்குரிய ஏகாதசி என்பதையும் அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

பல ஊர்களிலிருந்தும் அருளாளர்களின் பெயரால் பல்லக்குகள் புறப்படுகின்றன. அவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று, தேஹு என்னும் ஊரிலிருந்து வரும் துக்காராமரின் பல்லக்கு. மற்றொன்று, ஆளந்தியிலிருந்து வரும் ஞானேசுவரரின் பல்லக்கு. பல்லக்கில் வைத்துச் செல்வது திருவுருவம் அன்று; பாதுகைகளே. நடப்பவருக்குப் பாதுகையை முன்னிட்டுச் செல்வதைவிடப் பொருத்தமானது வேறு உண்டோ?

ஞானேசுவரர் 13ஆம் நூற்றாண்டினர். அவருடைய தந்தையார் துறவு பூண்டபின், குருவின் ஆணையால் மீண்டும் இல்லறம் புகுந்தார். அதனால் ஊரார் அக்குடும்பத்தைச் சாதியினின்று விலக்கினர். நிவிருத்தி, ஞானதேவர், சோபானர், முக்தாபாய் என்னும் நான்கு மக்களும் அவ்விலக்கின் நிழலிலேயே வளர்ந்தனர். அவ்வாறு ஒதுக்கப்பட்ட இளைஞரே, கற்றோர்க்கு மட்டும் உரியதாய் வடமொழியில் இருந்த பகவத்கீதைக்கு, 1290ஆம் ஆண்டில், உழவரும் உணரும் மராத்தியில் விரிவுரை பாடினார். ஞானேசுவரி என்பது அந்நூலின் பெயர். சில ஆண்டுகளுக்குப்பின், 1296இல், ஆளந்தியில் அவர் சமாதி எய்தினார். அவரை மக்கள் ‘மாவுலி’ என்று அழைக்கின்றனர். மாவுலி என்றால் தாய். ஆணாய்ப் பிறந்த ஞானியைத் தாய் என்று விளிக்கும் வழக்கம் வியப்புக்குரியது. அதனினும் வியப்பு, வழிநடைக் காலத்தில் அனைவரும் ஒருவரை ஒருவர் அப்பெயராலேயே அழைப்பது. வழிவிடச் சொல்லும் காவலரும், தண்ணீர் கொடுக்கும் சிறுவனும், காலில் தெரியாமல் மிதித்துவிட்டவரும் சொல்லும் சொல் ‘மாவுலி’ என்பது ஒன்றே.

துக்காராமரின் மகனார் நாராயணர் 1685ஆம் ஆண்டில் பாதுகைகளைப் பல்லக்கில் எடுத்துச்செல்லும் முறையைத் தொடங்கினார் என்பர். இன்று நாம் காணும் ஒழுங்குமுறைகளை ஞானேசுவரரின் பல்லக்கிற்கு வகுத்தவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஹைபத்பாபா என்பவர். அவர் குவாலியர் அரசரிடம் பணிபுரிந்தவர். படை நடத்தத் தெரிந்தவர் அடியார் கூட்டத்தை நடத்த முற்பட்டமையால், இவ்வழிநடையில் இன்றளவும் ஒரு படையணியின் கட்டுப்பாடு காணப்படுகிறது. எந்தத் திண்டி எவ்விடத்தில் நடக்கவேண்டும் என்பதற்கு எண் உண்டு. பாதுகைகளைத் தாங்கிய வெள்ளித் தேருக்கு முன்னே 27 திண்டிகள், ஏனையவை பின்னே. எல்லாவற்றிற்கும் முன்பாக, கருநாடக மாநிலத்தின் அங்கலி என்னும் ஊரிலிருந்து வரும் இரண்டு குதிரைகள் செல்லும். ஒன்றன்மேல் கொடி பிடித்த வீரர் அமர்ந்திருப்பார். மற்றொன்றன்மேல் எவரும் ஏறுவதில்லை. அது மாவுலியின் குதிரை.

ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவு. இவ்வழியில் ஒரு நாளேனும் நடக்கவேண்டும் என்னும் விருப்பம் எனக்கு நெடுநாளாக இருந்தது. 2023ஆம் ஆண்டில் புனே நகரில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது அது கைகூடியது. பல்லக்கு ஜூன் 11ஆம் நாள் ஆளந்தியை விட்டுப் புறப்பட்டு, இரண்டு இரவு புனேயில் தங்கி, 14ஆம் நாள் விடியலில் சாஸ்வட் என்னும் ஊரை நோக்கிச் சென்றது. வழிநடை முழுவதிலும் கடினமான நாள் அதுவே. நடக்கவேண்டிய தொலைவு 30 கிலோமீட்டருக்கு மேல். இடையே திவே கணவாயின் ஏற்றம். அதற்குமேல் ஏகாதசி நோன்பு. எளிய நாள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு வீட்டார் சொன்னார்கள். கடினமான நாளைக் கண்டவனே வழியைக் கண்டவன் என்று நான் அவர்களுக்கு விடை கூறினேன். மராத்தி நன்கறிந்த தமிழ் நண்பர் ஒருவர் உடன்வர இசைந்தார்.

இருள் பிரியுமுன்பே பவானிப் பேட்டையின் தெருக்கள் நிறைந்திருந்தன. ஆடவர் வெண்ணிற வேட்டியும் சட்டையும் அணிந்து, தலையில் வெண்தொப்பியோ தலைப்பாகையோ வைத்திருந்தனர். கழுத்தில் துளசிமணி மாலை. நெற்றியில் கோபிசந்தனத்தின்மேல் ‘புக்கா’ என்னும் கரிய நறும்பொடி. பெண்டிர் பலர் தலைமேல் துளசி மாடத்தைச் சுமந்திருந்தனர். பித்தளை மாடத்தில் மண்ணிட்டு நட்ட பச்சைச் செடி. அதனை ஒரு கையால் தாங்கியவாறே நாள் முழுதும் நடக்கின்றனர். சிலர் தலையில் தண்ணீர்க் குடம். கேட்போர்க்கெல்லாம் அதிலிருந்து நீர் வார்த்தனர்.

ஒவ்வொரு திண்டியின் அமைப்பும் ஒரே வகையானது. முன்னே காவிக்கொடி ஏந்தியோர். அடுத்துக் கைத்தாளம் ஒலிப்போர் இரு வரிசையாக நிற்பர். இடையே மிருதங்கம் வாசிப்போர். நடுவே வீணை தாங்கிய ஒருவர். தோளில் தொங்கும் அவ்வீணையைத் தரையில் வைத்தல் கூடாது. களைப்புற்றால் மற்றொருவர் தோளுக்கு மாற்றலாமே அன்றி இறக்குதல் இல்லை. பின்னே பெண்டிர். பாடப்படுவன அபங்கங்கள். நாமதேவர், ஞானேசுவரர், துக்காராமர் முதலியோர் பாடிய சிறு பாடல்கள் இவை. தஞ்சையை 1676 முதல் 1855 வரை ஆண்ட மராட்டிய மன்னர் காலத்தில் அபங்கப் பாடல்கள் நம் நாட்டுப் பசனை மடங்களிலும் வேரூன்றின. அதனால் முதல் பாடல் எழுந்தபோது மொழி புரியாவிடினும் அதன் நடை எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. ஆனால் பசனை மடத்தில் அமர்ந்து கேட்ட பாட்டு வேறு. ஆயிரம் கால்கள் தாளத்திற்கேற்ப எடுத்துவைக்கும்போது கேட்கும் பாட்டு வேறு. அங்கே பாட்டு நடையை இழுத்துச் செல்கிறது. இன்ன அடிக்குப் பின் கால் இங்கே ஊன்றவேண்டும் என்று உடம்பு தானே அறிந்துகொள்கிறது. நான் 8 கிலோமீட்டர் நடந்துவிட்டேன் என்று நண்பர் சொல்லியபோது நம்பவில்லை.

ஹடப்சர் என்னுமிடத்தில் பெருவழி இரண்டாகப் பிரிகிறது. புனேயில் ஒரே ஊரில் தங்கியிருந்த இரண்டு பல்லக்குகளும் அங்கே தனித்தனி வழி செல்லும். துக்காராமரின் பல்லக்கு சோலாப்பூர்ச் சாலையில் நேரே போகிறது. ஞானேசுவரரின் பல்லக்கு வலப்புறம் திரும்பி மலையை நோக்குகிறது. நகர மாந்தர் வழியின் இருமருங்கும் திரண்டு நின்றனர். ஏகாதசி ஆதலால் வாழைப்பழம், வேர்க்கடலை உருண்டை, ஊறவைத்த ஜவ்வரிசியைக் கடலைப்பொடியோடு தாளித்த ‘கிச்சடி’ ஆகியவற்றைப் பந்தல்தோறும் வழங்கினர். ஓரிடத்தில் முடிதிருத்துவோர் வரிசையாக அமர்ந்து கட்டணமின்றி முகம் மழித்தனர். மற்றோரிடத்தில் செருப்புத் தைப்போர் அறுந்த வார்களைத் தைத்துக் கொடுத்தனர். கல்லூரி மாணவர் சிலர் முதியோரை நாற்காலியில் அமர்த்தி, பாதங்களில் எண்ணெய் தடவிப் பிடித்துவிட்டனர். அவர்களுள் ஒருவன் என் காலையும் பற்றி இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டான். நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் மாணவன் ஒருவன் என் காலைத் தொட்டதுண்டு, பிடித்துவிட்டது அன்றுதான்.

அவ்விடத்தில்தான் பர்பணி மாவட்டத்து உழவர் ஒருவரும் அவர் மனைவியாரும் எங்களோடு கலந்தனர். அவருக்கு எழுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள். என் வயதைக் கேட்டார். அவரினும் நான் இளையவன் என்று அறிந்ததும், “அப்படியானால் நீங்கள் முன்னே நடக்கலாமே, மாவுலி!” என்றார். முப்பத்தோராவது முறையாக நடக்கிறாராம். 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளில் கொரோனா நோயின் காரணமாக நடைப்பயணம் நிறுத்தப்பட்டு, பாதுகைகள் மட்டும் சிலர் சூழப் பேருந்தில் பண்டரிபுரம் சென்றன. அந்த இரண்டாண்டையும் அவர் தம் கணக்கில் சேர்க்கவில்லை. “பாதுகை பேருந்தில் போயிற்று, என் கால் வீட்டில் இருந்தது. அதை எப்படி எண்ணுவது?” என்று கேட்டார்.

“விதைத்துவிட்டு வந்தீர்களா?” என்று நண்பர் அவரை வினவினார். உழவர் உடனே விடை கூறவில்லை. அவர் மனைவியார் துளசி மாடத்தைச் சற்றே நேராக்கிக்கொண்டு, “வானம் விதைக்கவிடவில்லை” என்றார்.

இவ்விடையின் கனத்தை உணரச் சில செய்திகளை அறிதல் வேண்டும். வாரகரிகளுள் பெரும்பாலோர் உழவர். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் இறங்கி, அடுத்த சில நாளில் மராட்டிய நாட்டை அடையும். முதல் மழையில் நிலத்தை உழுது விதைத்துவிட்டு, பயிர் முளைவிடும் இடைவேளையில் பண்டரிபுரம் போய்வருவது பழைய வழக்கம். திருநாளோ திங்களின் பிறையைப் பின்பற்றி வருவது. ஆதலால் அது சில ஆண்டுகளில் முன்னும் சில ஆண்டுகளில் பின்னுமாக அமையும். 2023இல் ஆஷாட ஏகாதசி ஜூன் 29ஆம் நாளே வந்துவிட்டது. மழையோ பிந்தியது. வழக்கமாக ஜூன் முதல் நாள் கேரளத்தைத் தொடும் பருவமழை அவ்வாண்டு 8ஆம் நாள்தான் தொட்டது. அரபிக்கடலில் எழுந்த ‘பிபர்ஜாய்’ என்னும் பெரும்புயல் ஈரக்காற்றைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டமையால், மழை மேலே வராமல் தங்கிவிட்டது. நாங்கள் நடந்த அன்று வானம் வெளுத்துக் கிடந்தது. சாலையின் தார் காலுக்கடியில் கொதித்தது.

அந்த உழவருக்கு நான்கு ஏக்கர் நிலம். கிணறு உண்டு, கோடையில் நீர் இல்லை. சோயாவும் துவரையும் விதைப்பது வழக்கம். விதையும் உரமும் கடனுக்கு வாங்கி வீட்டில் அடுக்கிவிட்டு வந்திருக்கிறார். மழை பெய்தால் மகன் விதைக்கவேண்டும். ஆனால் ஒரு மழையைக் கண்டு விதைத்து, அடுத்த மழை பிந்தினால், முளைத்தது கருகும். விதைக்கு இரண்டாம் முறை கடன்படவேண்டும். எந்த மழையை நம்பலாம், எதை நம்பலாகாது என்று கணிப்பது அனுபவமுடையோர் தொழில். மகன் இளையவன். அனுபவமுடையவரோ வழியில் இருக்கிறார்.

“இவ்வாண்டு தங்கியிருக்கலாகாதா?” என்று நான் கேட்டேன். மராத்தியில் அதனை மொழிபெயர்க்க நண்பர் சற்றுத் தயங்கினார். உழவர் சினம் கொள்ளவில்லை. மழை இல்லாத நிலத்தில் தாம் நின்றால் மழை வந்துவிடுமா என்று திரும்பக் கேட்டார். பின்பு, தம் தந்தையாரும் இப்படி ஒருமுறை விதைக்காமல் வந்ததையும், அவ்வாண்டு விளைவு பாதியானதையும் கூறினார். கடவுளை நம்பி வந்தேன், அவன் காப்பான் என்று அவர் ஒருமுறையும் சொல்லவில்லை என்பதை இங்கே குறிக்க விரும்புகிறேன். நகரத்தில் இருந்து அவர்களைப் பார்ப்போர், கவலையற்ற பத்தர்கள் என்று எண்ணிவிடுகின்றனர். கவலை அவர்களுடைய பையில்தான் இருந்தது. அதனையும் தூக்கிக்கொண்டே நடந்தனர்.

வெயில் உச்சிக்கு ஏறும் வேளையில் வட்கி என்னும் ஊரின் ஓடைக்கரையை அடைந்தோம். பல்லக்கு அங்கே இளைப்பாறும். மர நிழலிலும் லாரிகளின் நிழலிலும் மக்கள் படுத்துவிட்டனர். வீணை மட்டும் படுக்கவில்லை. அது ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறியது. எங்களுக்கு அருகில் ஒரு திண்டியார் அமர்ந்தவாறே மெல்லிய குரலில் பாடினர். பாடியவர் யாருடைய பாடல் என்று வினவினேன். சோகாமேளருடையது என்றார் நண்பர்.

சோகாமேளர் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்; மகார் குலத்தினர். விட்டலனையே பாடிய அவரை, அக்குலத்தில் பிறந்தார் என்பதற்காக, விட்டலன் கோயிலினுள் புகவிடவில்லை. நம் நாட்டு நந்தனார் வரலாற்றைக் கற்ற மாணவர்க்கு அவர் துயரத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1338ஆம் ஆண்டு, மங்கள்வேடே என்னும் ஊரில் மதில் கட்டும் வேலை செய்துகொண்டிருந்தபோது, சுவர் இடிந்து அவர் உயிர் நீத்தார். அவருக்குப் பண்டரிபுரத்தில் சமாதி எழுப்பினர். எங்கே? கோயில் வாயிற்படிக்கு எதிரே, வெளியே. உயிரோடு நின்ற இடத்திலேயே எலும்பும் நின்றது. அவர் பாடலைத் திண்டிகள் நூற்றாண்டுக் கணக்கில் பாடிக்கொண்டே சென்றன. ஆயினும் அவருடைய குலத்தார் அறுநூறு ஆண்டுகளுக்குமேல் படிக்கு வெளியிலேயே நின்றனர். பள்ளி ஆசிரியராயும் எழுத்தாளராயும் விளங்கிய சானே குருஜி, 1947ஆம் ஆண்டு மே மாதத்தில், அக்கதவைத் திறக்கும் பொருட்டுப் பத்து நாள் உண்ணாநோன்பு இருந்தார். அதன்பின் கோயில் எல்லார்க்கும் திறந்தது.

மானிடவியல் அறிஞர் இராவதி கார்வே அம்மையார் இவ்வழியில் நடந்தவர். அவருடைய கட்டுரையின் ஆங்கில வடிவம் 1962இல் வெளிவந்தது. ஒரே பாட்டைப் பாடி ஒரே வழியில் நடந்தும், உண்ணும்போது சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்ததை அவர் கண்டு வருந்தி எழுதியிருக்கிறார். அந்நினைவோடு நான் வட்கியில் சுற்றிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பழமும் கிச்சடியும் ஒரே இலைத்தொன்னைகளில் வந்தன. அடுத்தடுத்து அமர்ந்தோர் வாங்கி உண்டனர். யார் எவர் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் தெருவோரப் பந்தலில் கேளாமை எளிது. ஒரு நாள் கண்டதைக்கொண்டு அக்குறை தீர்ந்துவிட்டது என்று எழுதுவதற்கு எனக்கு உரிமை இல்லை. பாடல்கள் மக்களைவிட முன்னே நடக்கின்றன என்பது மட்டும் உறுதி.

பிற்பகலில் கணவாய் ஏறினோம். திவே கணவாய் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்தில் பேசுவர் காலத்து மஸ்தானி ஏரி தெரிந்தது. வெள்ளித் தேரை இழுப்பதற்கு வழக்கமான ஓரிணைக் காளைகள் அவ்வேற்றத்தில் போதா. ஆதலால் சுற்றூர் உழவர்கள் தங்கள் காளைகளைக் கொண்டுவந்து, இணையிணையாக முன்னே பூட்டினர். கொம்புகளுக்கு வண்ணம் பூசி, முதுகில் ஆடை போர்த்திய அக்காளைகள் தலைதாழ்த்தி நுகத்தைத் தள்ளின. தேர் அசைந்தது. அந்நேரத்தில் எழுந்த ஆரவாரத்தை எழுத்தில் அமைக்க என்னால் இயலாது. கீழ் வளைவில் நிற்போர்க்கு மேல் வளைவில் செல்வோர் தெரிவர். மேலே நின்று நோக்கினால், கணவாயின் அடியிலிருந்து முடிவரை வெண்ணிறமும் காவிநிறமும் கலந்த ஓர் ஆறு மேல்நோக்கி ஓடுவதுபோல் இருக்கும். நீர் கீழ்நோக்கி ஓடும் இயல்புடையது. இவ்வாறு ஏறியது.

ஏற்றத்தின் நடுவில் என் வலக்காலில் கொப்புளம் உடைந்தது. ஒரு கல்லின்மேல் அமர்ந்தேன். உழவரின் மனைவியார் மாடத்தை இறக்காமலே நின்று, அத்துளசியின் அடிமண்ணில் விரலைத் தோய்த்து என் நெற்றியில் இட்டார். மருத்துவ முகாம் அடுத்த வளைவில் இருக்கிறது என்று சொன்னவரும் அவரே. நெற்றிக்கு மண்ணும் காலுக்கு மருந்தும் என இரண்டையும் அவர் பிரித்தறிந்திருந்தார். முகாமில் இருந்த இளம் மருத்துவர் புண்ணைத் துடைத்துக் கட்டினார். அதற்குமேல் நடக்க வேண்டாம் என்றும் சொன்னார். அவர் காலையிலிருந்து அதையே நூறு பேருக்குச் சொல்லியிருப்பார். ஒருவரும் கேட்டிருக்கமாட்டார் என்பது அவர் சொன்ன முறையிலேயே விளங்கிற்று.

கணவாயின் உச்சியில் காற்று மாறுகிறது. அங்கிருந்து நிலம் பரந்து விரியும். சாஸ்வட் வரை ஏற்றம் இல்லை. உழுது புழுதியாய்க் கிடந்த வயல்கள் இருபுறமும் இருந்தன. உழவர் ஒரு வயலுக்குள் இறங்கி, மண்ணை அள்ளிப் பிசைந்து, உதிர்த்துவிட்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சாஸ்வட் ஊர் கர்ஹா ஆற்றங்கரையில் இருக்கிறது. ஞானேசுவரரின் தம்பி சோபானர் சமாதியுற்ற இடம் அது. ஆகவே தமையனார் தம்பியைக் காண வருகிறார் என்று ஊரார் கூறுகின்றனர். மறுநாள் சோபானரின் பல்லக்கும் அங்கிருந்து தனிவழியே பண்டரிபுரத்திற்குப் புறப்படும். இருள் சூழ்ந்தபின்பே பல்லக்கு வந்து சேர்ந்தது. லாரிகள் முன்னரே கொண்டுவந்த கூடாரங்கள் வெளியெங்கும் நிமிர்ந்திருந்தன. நாள் முழுதும் நடந்த அத்தனை திண்டிகளும் பல்லக்கைச் சுற்றி வட்டமாக நின்று, கைத்தாளங்களை இடைவிடாது ஒலித்தன. செவி அடைத்துவிடும்போல் இருந்தது. அப்போது ‘சோப்தார்’ எனப்படும் கோல்காரர் தம் வெள்ளிக்கோலை உயர்த்தினார். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான தாளங்களும் ஒரே நொடியில் அடங்கின. காவலர் இல்லை, ஒலிபெருக்கியின் அதட்டல் இல்லை, ஒரு கோல் உயர்ந்தது, கடல் நின்றது.

ஆனால் முழுதும் அடங்கவில்லை. வட்டத்தின் ஒரு மூலையில் ஒரே ஒரு திண்டியின் தாளங்கள் மட்டும் ஒலித்துக்கொண்டே இருந்தன. எனக்கு அச்சமாயிற்று, கட்டளையை மீறினார்களே என்று நினைத்தேன். நண்பர் சிரித்தார். அதுவும் முறையாம். குறையுடைய திண்டி தாளத்தை நிறுத்தலாகாது, குறையற்றோர் நிறுத்தவேண்டும். அனைவரும் அமைதியாய் நிற்க, கோல்காரர் அவர்களிடம் சென்று கேட்டறிந்து, வட்டத்தின் நடுவே வந்து அறிவித்தார். அத்திண்டிக்குரிய தண்ணீர் வண்டி அன்று வந்து சேரவில்லை. மலையேறி வந்த பெண்டிர் குடிநீருக்கு அலைந்தனர். உடனே மற்றொரு திண்டியின் வண்டியை அவர்களுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அதன்பின்பே அந்தத் தாளங்கள் நின்றன. தொடர்ந்து, வழியில் கண்டெடுத்த பொருள்களின் பட்டியல் படிக்கப்பட்டது: ஒரு கைப்பேசி, ஒரு வெள்ளி மெட்டி, இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒரு பணப்பை. உரியவர் வந்து பெற்றுக்கொண்டனர். பிறகே ஆரத்தி. பெரிய அவைகள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன். குறையுற்றவன் குரல் கேட்கவேண்டும் என்பதற்காக மற்றையோர் எல்லாரும் வாய்மூடி நிற்கும் அவையை அன்றுதான் கண்டேன்.

ஆரத்தி முடிந்ததும் உழவர் தம் கூடாரத்தின் வாயிலில் அமர்ந்து, சிறிய கைப்பேசியில் ஊருக்குப் பேசினார். மராத்தியை அறியாத எனக்கும் அவ்வுரையாடல் விளங்கியது. ‘பாவுஸ்’ என்னும் சொல் இரண்டுமுறை வந்தது. அது மழையைக் குறிக்கும் என்பதைக் காலையிலேயே கற்றிருந்தேன். மறுமுனையில் மகன் நெடுநேரம் பேசினான். இவர், “பொறு” என்பதுபோல் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பேசி முடித்தபின், விதைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நண்பரிடம் தெரிவித்தார். அண்டை ஊரில் ஒரு தூறல் விழுந்ததைக் கண்டு சிலர் விதைத்துவிட்டார்களாம். மகனுக்கும் கை துடிக்கிறதாம்.

அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள், மும்பைக்கும் டில்லிக்கும் ஒரே நாளில் பருவமழை வந்தது. அப்போது பல்லக்கு பண்டரிபுரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அவரை மறுபடி காணவில்லை. அன்றிரவு நாங்கள் பேருந்து ஏறப் புறப்பட்டபோது, அவர் மனைவியார் துளசிச் செடிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விடியலில் எழவேண்டும் என்று உழவர் எங்களை விரைந்து அனுப்பிவைத்தார்.